பூட்டுக்காரன் வம்சம்

செஞ்சியில் தாத்தா இல்லாத ஆளைக்கூடப் பார்த்துவிடலாம். கோட்டையில் தாத்தா இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. டீக்கடை மாஸ்டரின் முப்பாட்டன் ராஜாவுக்குப் பல்லக்குத் தூக்கியவர். பரோட்டா போடுகிறவரின் கொள்ளுத்தாத்தா ஆனைக்குளத்தில் யானை குளிப்பாட்டியவர். கோட்டையை யார் யாரோ கட்டினார்கள், யார் யாரோ பிடித்தார்கள், யார் யாரோ போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் எந்த ராஜா என்று யாரும் நோண்டிக் கேட்பதில்லை. 'ராஜா காலத்துல' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், எதிரில் இருப்பவரும் தன் பங்குக்கு ஒரு தாத்தாவை எடுத்து விடுவார்.

திருவண்ணாமலை ரோட்டில், ராஜகிரி மலை நேராகக் கண்ணில் விழுகிற இடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நூர் முகமதுவுக்கு மட்டும் அப்படி ஒருவரும் அமையவில்லை. அவருடைய தாத்தா ஈயம் பூசினவர். துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவலூர்பேட்டைச் சந்தைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் நடந்தார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக் கொடுத்து, போட்ட சோற்றைத் தின்று, மரத்தடியில் தொழுதுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அத்தா சைக்கிள் பஞ்சர் ஒட்டினார். கடைசிக் காலத்தில் கேஸ் வெல்டிங் பழகினார். மகன் நூர் முகமது கரண்ட் வெல்டிங்கில் கேட்டு, கிரில், ஷட்டர் எல்லாம் செய்தார். மூன்று தலைமுறையும் நெருப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதையெல்லாம் வம்சம் என்று யாரும் சொல்வதில்லை.

நூர் முகமது செய்த கேட்டுக்கு ஒரு பேர் உண்டு. பெயிண்ட் காய்ந்த பிறகு கேட்டைச் சாத்துவார். கையை விட்டுத் தாழ்ப்பாளை ஒற்றை விரலால் தட்டுவார். அது தானாகக் குழிக்குள் 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் திருப்பி அறுத்து ஒட்டாமல் காசு வாங்கமாட்டார். நாலு ஊரில் அவர் போட்ட கேட்டுகள் இருக்கின்றன. ஒன்றுகூட வாய் பிளந்து நின்றதில்லை.

கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வருஷம்தான் அவருக்குக் கஷ்டம் வந்தது. ஊரே லட்டு கொடுத்தது. அவரும் ஒன்று வாங்கித் தின்றார். லட்டு செரிப்பதற்குள் மலையைப் பார்த்த மனைகளுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட கார்கள் பட்டறை வாசலில் வந்து நின்றன. பட்டறை நின்ற மனை வாடகைதான். மனைக்காரர் காலமாகிவிட, புதுச்சேரியிலிருந்த மகன்கள் விற்றுவிட முடிவு செய்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பாய் அவருடைய அத்தா காலத்திலிருந்து இருக்கிறார், தை பிறக்கிற வரை அவருக்காக வைத்திருக்கிறோம், விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று போன் செய்தே சொன்னார்கள். மனைவி முன்னியின் நகை, சீட்டு எடுத்தது, மகள் அலீனாவின் கல்யாணத்துக்கென்று வைத்தது எல்லாம் சேர்த்தும் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்குக் கடன் வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டறை இல்லை.

வங்கிக்குப் போனார். மேனேஜர் ஷோபனா சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. முன்பு கடன் வாங்கிக் கட்டியவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் மார்க் போடும். இவர் பேரில் ஒரு கடனும் இல்லை, கடனே இல்லாதவரை நம்புவதற்கு அதற்கு வழி தெரியாது என்று எடுத்துச் சொன்னாள்.

"ஒங்களுக்கு ஹிஸ்டரியே இல்லீங்க பாய். டிவி, பிரிட்ஜுன்னு எதையாவது டியூல வாங்கியிருந்தாக்கூட நான் ஏதாவது பண்ணியிருப்பேன்."

வட்டி வீட்டுக்குள் வந்தால் பரக்கத்து என்கிற நிறைவு வெளியே போய்விடும் என்று அத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தது, ஒரு மிக்ஸிகூடத் தவணையில் வாங்காமல் இருந்தது, எல்லாம் அன்றைக்கு ஒரு குறையாக வந்து முன்னால் நின்றது. இப்போது மட்டும் வட்டிக்குக் கேட்கிறோமே என்று அவருக்கு வழியெல்லாம் மனசு அறுத்தது. படைத்தவனுக்கு நம் முடை தெரியும் என்று முன்னிதான் ஆறுதல் சொன்னாள்.

மிச்சமிருந்தது நிதியாபீஸ். கடைத்தெருவில், மாடியில், மலையடி ஜனோபகார நிதி. செஞ்சியில் மண்டி வைத்தவர், மில் போட்டவர், லாரி விட்டவர் எல்லாரும் அந்தப் படியேறித்தான் ஆளானார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் கித்திரம் எல்லாம் அப்புறம். அமாவாசைக்கு அமாவாசை சபை கூடும். கடன் கேட்கிறவரின் வம்சத்தை யாராவது ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அப்பன் யார், பாட்டன் யார், இந்த மண்ணில் என்ன செய்தார்கள். கேட்டுவிட்டு மெம்பர்கள் தலையாட்டினால் கற்கண்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். இல்லையென்றால் டீ கொடுப்பார்கள். டீ வந்தால் குடித்துவிட்டு எழுந்து போய்விட வேண்டியதுதான்.

அந்த வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. நிதியை ஆரம்பித்த பெரியவர் நெல் வியாபாரி. பஞ்ச காலத்தில் ஒருவன் கையில் ஒன்றுமில்லாமல் விதைநெல் கேட்டு வந்தான். அடகு வைக்க என்ன இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை கேட்டார். பெரியவர் மறித்து, "யார் மகனப்பா நீ?" என்றார். அவன் சொன்னான். "அவர் மகனா? அளந்து போடுங்கள்" என்றாராம். அறுப்பு முடிந்ததும் அவன் தலைச்சுமையாகக் கொண்டுவந்து திருப்பினானாம். சபை கூடும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். பெரியவர் படத்துக்குக் கீழே 'ஆளைப் பார்க்காதே, வேரைப் பார்' என்று எழுதியிருக்கும்.

முன்னிக்கு அந்தக் கதை தெரியும்.

"பஞ்சத்துல நெல்லு அளந்து போட்டாரே, அதத்தான புண்ணியம்னு சொல்லணும்?" என்றாள் கீரை ஆய்ந்துகொண்டே. "இவுங்க நெல்ல வுட்டுட்டு, அப்பன் பேரு கேட்டத மட்டும் புடிச்சிகினாங்க."

வம்சம் சொல்லத் துரைக்கண்ணுவைப் பிடித்தார் நூர் முகமது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். துரைக்கண்ணு கோட்டையில் கைடு. நாலு பாஷையில் பேசுவான். ஒரு கல்லைக் காட்டி ஒரு மணி நேரம் அழவைப்பான். நிதியிலும் மெம்பர். பட்டறையில் இரும்புக் குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்து, முன்னி கொடுத்தனுப்பிய சேமியாவைத் தின்றுகொண்டே, ஈயம் பூசின தாத்தாவின் கதையைக் கேட்டான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஈயம் பூசனாரு, சாப்ட்டாரு, போயிட்டாரு. இத சொன்னா சபையில ஜமுக்காளத்த சுருட்டிகினு எழுந்து போயிடுவானுங்க நூரு. அந்தாளு ஒரு எடத்துல நின்னாத்தான வேரு வரும்?"

"நடந்து பொழச்சவரு, இன்னா பண்றது."

"நடக்காம நிக்க வெச்சிடலாம், வுடு. நீ இரும்புதான அடிக்கிற? ஒங்க ஆளு ராஜா குதிரைக்கு லாடம் அடிச்சவரு. இங்கியே, இந்தப் பட்டறை இருக்கற எடத்துலியே அடிச்சாரு. யாரு வந்து பாத்தா?"

நூர் முகமது வேண்டாம் என்றார். துரைக்கண்ணு, டீக்கடை மாஸ்டரின் பல்லக்கை யாராவது பார்த்தார்களா என்று கேட்டான். தை மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வட்டிக்குப் பயந்து வாழ்ந்தவர், கடைசியில் ஒரு பொய்யைக் கடனாக வாங்கச் சம்மதித்தார். அன்றைக்கு அஸர் தொழுகையில் அவரால் நிமிர்ந்து துஆ கேட்க முடியவில்லை.

ஐப்பசி அமாவாசை. மாடிப்படியெல்லாம் மழை ஈரம். பெரியவர் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தலைவர் ராஜாங்கம், ரைஸ்மில்காரர், எல்லாரையும் கைகூப்பி உட்கார வைத்தார். விதைநெல் கதை முடிந்தது. துரைக்கண்ணு எழுந்தான்.

நன்றாகத்தான் சொன்னான். கொல்லுலைச் சூட்டில் சிவந்த இரும்பு, முன்னங்காலைத் தூக்கி நிற்கிற வெள்ளைக் குதிரை, தாடியில் வியர்வை சொட்ட உட்கார்ந்திருக்கும் ஒரு பாய். மெம்பர்கள் முன்னால் சாய்ந்தார்கள். நூர் முகமதுவுக்கே அந்தத் தாத்தா மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பொட்டலம் மடிக்கிறவர் தாளைக்கூட எடுத்துவிட்டார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்கிற முகங்களைப் பார்த்துவிட்டால் துரைக்கண்ணுவால் நிறுத்த முடியாது.

"லாடம் மட்டுமில்லீங்க," என்றான். "கோட்டை வாசக்கதவுக்குப் பூட்டு செஞ்சவரும் அவருதான். ராஜா அவர நம்பி, சாவியவே அவர் கையில குடுத்து வெச்சிருந்தாரு."

அனந்தபுரத்து மெம்பர் அரங்கநாதன் நிலக்கடலை விவசாயி. சரித்திரம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கண்கள் மின்னக் கேட்டார்:

"அப்ப துரை, கோட்ட வுழுந்தப்ப ஒருத்தன் உள்ளேர்ந்து கதவத் தொறந்து வுட்டான்னு சொல்லுவியே, ஒரு பை பொன்னு வாங்கிகினு... சாவி வெச்சிருந்தவன்னு. அது இவுங்க ஆளா?"

அந்தக் கதையைத் துரைக்கண்ணு தினமும் வாசற்கதவுக்குக் கீழே நின்று சொல்வான். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிப் போய், அவன் வாயால் கேட்டு, அந்தத் துரோகியைத் திட்டிவிட்டு வந்தவர்கள். இரண்டு கதையும் அவனுடையதுதான். ஒன்றை இழுத்தால் இன்னொன்று கிழியும். அவன் தொண்டையைச் செருமினான். அது வேற காலம் என்றான். எந்தக் காலம் என்று சொல்ல வரவில்லை.

நூர் முகமது எழுந்தார்.

"ஐயா, லாடமும் கெடையாது, பூட்டும் கெடையாது. எங்க தாத்தா அவலூர்பேட்ட சந்தையில ஈயம் பூசனவரு. மன்னிச்சிடுங்க."

ராஜாங்கம் வருத்தமாகத்தான் பார்த்தார்.

"அப்ப பெரியவர் படத்துக்கு முன்னாடி பொய் சொல்ல வுட்டுட்டு ஒக்காந்திருந்தீங்களா பாய்?"

"தப்புதாங்க."

"பொய்யின்னா அது ஒரு கணக்கு. நெஜம்னா அது இன்னொரு கணக்கு. ரெண்டுல எதுன்னாலும் நாங்க இன்னா பண்றது, சொல்லுங்க. ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வேர்லியே ஒரு கேள்வி வந்துடுச்சி."

டீ வந்தது. ஏலக்காய் தட்டிப்போட்ட நல்ல டீ. நூர் முகமது அதை மிச்சம் வைக்காமல் குடித்தார். கொடுத்த பையன் மேல் என்ன குற்றம்.

அவர் சொன்ன உண்மை அந்த மாடியோடு நின்றுவிட்டது. பொய் படியிறங்கி அவருக்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. 'பூட்டுக்காரன் வம்சம்' என்று பேர் வந்தது. டீக்கடைக்குப் போனால், "பாய் வராரு, கல்லாச் சாவிய உள்ள வையி" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். பகையால் சொன்னதில்லை, பழக்கத்தால் சொன்னது. ஆனால் கார்த்திகையில், புதுவீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொல்லிவைத்திருந்த கேட்டு வேண்டாம் என்றார். போனில் நெளிந்தார். அம்மாவுக்கு மனசு ஒரு மாதிரி இருக்குதாம் பாய், வாசக்கதவு பாருங்க, கிரில்லு வேணும்னா ஒங்ககிட்டியே போட்டுக்கறோம் என்றார். இன்னும் இரண்டு பேர் போன் செய்யாமலே வேறு இடத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அலீனா ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு, "நம்ம ஆளுதான் தொறந்து வுட்டாரா அத்தா?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் பார்த்திபன் கடன் கேட்டான். ராஜாங்கத்தின் தங்கை மருமகன். ராஜாங்கமே எழுந்து வம்சம் சொன்னார்: கோட்டைக் களஞ்சியத்தில் ராஜாவுக்கு நெல் அளந்தவர்கள். கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது அந்த நெல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அரங்கநாதன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். கற்கண்டு கொடுத்தார்கள். தை பிறந்தது. பார்த்திபன் மனையை வாங்கினான்.

பட்டறையைக் காலி செய்கிற அன்றும் தூறல். காலம் கெட்ட மழை. நூர் முகமது மெஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, வண்டிக்காரனிடம் எங்கே போகச் சொல்வது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றார். எதிர்ச்சாரியில் எருமை மாடுகள் வைத்துப் பால் ஊற்றும் ரத்தினம்மாள், கோடையில் வாசலில் கூழும் விற்பாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"நூரு தம்பி, இன்னாத்துக்கு நனையிற? கொட்டாயில பாதி சும்மாதான் கெடக்குது. எடுத்தாந்து போடு."

"வாடக எவ்ளோக்கா?"

"நெருப்புப் பொறி பறந்தா எருமைங்க மெரளும். நடுவுல கோணிய தெரையா கட்டிக்க. அதான் வாடக."

நூர் முகமது தயங்கினார். "அக்கா, ஊர்ல நம்மளப் பத்தி ஒரு கத பேசிக்கறாங்க. ஒனக்குத் தெரியுமோ இன்னாவோ..."

"கத கேக்கறதுக்கு எனக்கு ஏது நேரம், பால் கறக்கற வேலையிருக்குது. மெஷினு நனையுது பாரு, புடி அந்தப் பக்கம்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஒரு முனையைப் பிடித்தாள். அவர் அப்பன் பேரையும் கேட்கவில்லை, பாட்டன் பேரையும் கேட்கவில்லை. கோணித் திரைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் எருமைகளுமாகப் பிழைப்பு ஓடியது. கிரில் ஒட்டுவது, உடைந்த நாற்காலி, ஏர்க்கலப்பை. கேட்டு மட்டும் வரவில்லை.

எதிரே மனையில் கட்டிடம் எழும்பியது. சாப்பாட்டு ஹோட்டல், மேலே நாலு ரூம். பேர் 'லாயம்'. சுவரில் ஆளுயரத்துக்குப் படம் வரைந்தார்கள்: வெள்ளைக் குதிரை, தாடியில் வியர்வையோடு ஒரு பாய். 'ராஜாவின் குதிரைகளுக்கு லாடம் அடித்த இடம் இதுவே' என்று கீழே மூன்று பாஷையில் எழுத்து. ஒரு நாள் பார்த்திபனே ரோட்டைத் தாண்டி வந்தான். பழைய காலத்து மாதிரி குமிழ் வைத்த பெரிய கேட்டு வேண்டும் என்றான்.

"ஒங்க கதைதான பாய். வேற ஆளு செஞ்சா நல்லாவா இருக்கும்?"

அவன் குரலில் கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னான். அதுதான் நூர் முகமதுவுக்குத் தாங்கவில்லை. முன்னியிடம் சொன்னார். அவள் அலீனாவின் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய தேதியை மட்டும் சொன்னாள். செய்துகொடுத்தார். வேறு எந்தக் கேட்டுக்கும் குறையாமல் செய்தார்.

மறுவருஷம் பங்குனி வெயிலில் திறப்பு விழா. புனே பக்கத்திலிருந்து ஒரு பஸ் ஜனம் கோட்டை பார்க்க வந்திருந்தது. துரைக்கண்ணு தலைப்பாகை கட்டிக்கொண்டு வரவேற்றான். எதிர்ச்சாரியில் நின்ற நூர் முகமதுவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டின் பக்கத்தில் நிறுத்தினான். ரெண்டு வார்த்தை பேசு நூரு, நான் அவங்களுக்குப் புரியற பாஷையில சொல்றேன் என்றான்.

நூர் முகமது அந்த முகங்களைப் பார்த்தார். வெயிலில் சிவந்த, நல்ல முகங்கள். மெதுவாகச் சொன்னார்: "எங்க தாத்தா ஈயம் பூசனவரு. ஊரு ஊரா நடந்தாரு. யாரையும் ஏமாத்தல. குதிரையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

துரைக்கண்ணு ஹிந்தியில் சொன்னான். இவர் சொன்னதைவிட வெகுநேரம் சொன்னான். கையை மலைப் பக்கம் நீட்டினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான், எதையோ தண்ணீரில் வீசுவதுபோலக் காட்டினான். சாவி என்பது மட்டும் நூர் முகமதுவுக்குப் புரிந்தது. வயசான அம்மா ஒருத்தி கண்ணீரோடு வந்து கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கூட்டம் உள்ளே சாப்பிடப் போன பிறகு கேட்டார்: "இன்னா சொன்ன?"

"எதிரி கையில சாவி சிக்கக் கூடாதுன்னு, ஆனைக்குளத்துல வீசிட்டு உயிர வுட்டாரு ஒங்க தாத்தான்னு சொன்னேன். பாத்தியா, எப்டி அழுதாங்க."

"நிதியில இதயே சொல்லியிருக்கலாமே, துரை."

துரைக்கண்ணுவின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. தலைப்பாகையைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான்.

"அப்ப தோணல நூரு."

உள்ளே யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான். எதிர்ச்சாரியிலிருந்து ரத்தினம்மாள், கூழு ஊத்தி வெச்சிருக்கேன், ஈ மொய்க்குது, வா என்று குரல் கொடுத்தாள். நூர் முகமது வெளியே வந்தார். பழக்கத்தில் கை திரும்பியது. கேட்டைச் சாத்தி, ரோட்டில் நின்றபடி கம்பிக்குள் விரலை விட்டுத் தாழ்ப்பாளைத் தட்டினார்.

'டக்'கென்று விழுந்தது.